நீலத் தார்ப்பாயைத் தேடி வரும் ஓநாய்கள்

அனுப்புநர்
ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர்,
மேய்ச்சல் வெளிக்குப் போகும் பாதையில் கடைசி வீடு,
கீழ்க்குடியிருப்பு.

பெறுநர்
உயர்திரு வன அலுவலர் அவர்கள்,
வட்ட வன அலுவலகம்.

பொருள்: ஓநாய் அடித்து இறக்கும் மாடுகளை, ஆய்வு முடியும்வரை அதே இடத்தில் மூடிக் கிடத்தி வைக்க வேண்டும் என்ற விதியால் ஏற்பட்டுள்ள ஆபத்து, அன்றைக்கே புதைக்க அனுமதி கோருதல், இன்று மாலைக்குள் முடிவு வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற மாதம் இதே விஷயமாக நான் வந்தபோது, தங்கள் அலுவலகத்தின் முன்னறையில், மின்விசிறிக்கு நேர் கீழே அமர்ந்திருந்த எழுத்தர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "சார், உங்களுக்கு எத்தனை மாடு?" ஒன்றும் இல்லை என்றேன். "அப்ப இதுல உங்களுக்கு என்ன பாதிப்பு? பாதிக்கப்பட்டவங்க வந்து எழுதிக் குடுக்கட்டும்." அவர் மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. வெயிலில் வந்தவனுக்குக் குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார். ஆனால் எனக்குத்தான் சட்டென்று பதில் வரவில்லை. வகுப்பில் ஒரு கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் "நாளைக்குச் சொல்றேன்" என்று ஒப்புக்கொண்டு மறுநாள் தவறாமல் சொல்வது என் வழக்கம். இந்த முறை கொஞ்சம் தாமதமாகிவிட்டது. அந்தப் பதிலே இந்த மனு.

1. என் வீடு மேய்ச்சல் வெளிக்கு ஏறும் பாதையில் கடைசியாக இருக்கிறது. காலையில் மாடுகள் ஏறுவதும் மாலையில் இறங்குவதும் என் வாசல் வழியாகத்தான். பக்கத்து வீட்டில் என் தங்கை இருக்கிறாள். அவள் கணவர் காலமான பிறகு அவளையும் அவள் மகனையும் தலை நிமிர்ந்து நிற்க வைத்தவை அவளுடைய கறவை மாடுகள். மாடு மேய்க்கும் பெண்களில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். எந்த அலுவலகத்திலிருந்து எந்தத் தாள் வந்தாலும் வேலிக்கு வெளியே நின்றபடியே, "சார், இதுல எங்க கையெழுத்துப் போடணும்?" என்று குரல் கொடுப்பார்கள். ஆகவே மேலே ஒரு மாடு அடிபட்டால் அலறல் முதலில் கேட்பது என் வாசலில். அதைப் பற்றிய தாள் வந்து விழுவதும் என் மேசையில். மாடு இல்லாத ஒருவனுக்கு இதற்கு மேல் என்ன பாதிப்பு வேண்டும் என்று தங்கள் எழுத்தரிடம் அன்புடன் தெரிவிக்கவும்.

2. ஓநாய்கள் மேல் எனக்குப் பகை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சரிவின் உச்சியில் இருக்கும் புதர்க்காடு அவற்றின் வீடு. நாங்கள் வருவதற்கு முன்பே அவை அங்கே இருந்தன. எப்போதாவது ஒரு கன்றைத் தூக்கப் பார்க்கும். பெண்கள் கூச்சல் போடுவார்கள், தகரத்தைத் தட்டுவார்கள், ஓநாய் ஓடிவிடும். அதற்கு மனிதர் மேல் பயம், மனிதருக்கு அதன் மேல் பயம். இரண்டு பக்கமும் சமமாகப் பயம் இருந்தவரை இரண்டு பக்கமும் பிழைத்தது. இப்போது அவற்றின் பக்கத்துப் பயம் போய்விட்டது. அதை யார் போக்கினார்கள் என்பதுதான் இந்த மனுவின் விஷயம். கேட்டால் தங்களுக்கு வருத்தமாக இருக்கும். ஆனால் கேட்டே ஆக வேண்டும்.

3. தங்கள் அலுவலகச் சுற்றறிக்கை ஒன்று பால் கூட்டுறவுச் சங்கத்தின் சுவரில் ஒட்டப்பட்டுள்ளது. காட்டு விலங்கு தாக்கி மாடு இறந்தால் உடலை நகர்த்தக் கூடாது, புதைக்கக் கூடாது, பறவைகள் கலைக்காதபடி மூடி வைக்க வேண்டும், கள ஆய்வாளரும் கால்நடை மருத்துவரும் சேர்ந்து வந்து பார்க்கும்வரை காத்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். விதி எழுதியவரின் எண்ணம் நல்ல எண்ணம்தான். நோய் வந்து செத்த மாட்டை ஓநாய் தலையில் கட்டி இழப்பீடு வாங்கிவிடக் கூடாது, சாட்சி அழியக் கூடாது. ஆனால் தங்களிடம் ஓடும் நிலையில் இருப்பது ஒரே ஒரு வண்டி. மருத்துவருக்கோ இரண்டு வட்டங்கள். ஆகவே "உடனே" என்று சுற்றறிக்கையில் இருக்கும் சொல், நடைமுறையில் மூன்று நாள், நான்கு நாள் என்று நீண்டுவிடுகிறது.

4. ஓர் உதாரணம் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். மாணவர் எழுதிய விடைத்தாளை, யாரும் திருத்தி எழுதிவிடக் கூடாது என்பதற்காக மைதானத்தில் வைத்து, மேலே ஒரு கல்லையும் வைத்துவிட்டு, திருத்துபவர் வரும்வரை காத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் மழை பெய்கிறது, ஆடு வந்து ஓரத்தைத் தின்கிறது. திருத்துபவர் வந்து பார்த்து, "விடை தெளிவாக இல்லை, மதிப்பெண் இல்லை" என்று எழுதுகிறார். அவர் எழுதியது பொய் இல்லை. ஆனால் அந்த மாணவர் என்ன செய்வார்? இங்கே நடப்பது அப்படியே இதுதான். ஆய்வாளர் வரும்போது மாட்டில் மிச்சம் இருப்பது கொம்பும் விலாவும். அதற்குள் தெருநாய்கள் கடித்திருக்கின்றன, பருந்து கொத்தியிருக்கிறது. "இறப்பின் காரணத்தை உறுதி செய்ய இயலவில்லை" என்று எழுதிவிட்டுப் போகிறார். சாட்சியைக் காப்பாற்றப் போட்ட விதிதான் சாட்சியைத் தின்ன விட்டுக்கொண்டிருக்கிறது.

5. இது விதியின் ஒரு பாதி. மறு பாதி இன்னும் மோசமானது. பகலில் ஓநாய் மாட்டை அடித்தவுடன் பெண்கள் கத்தி விரட்டிவிடுகிறார்கள், அதனால் அதற்கு அப்போது ஒரு வாய்கூடக் கிடைப்பதில்லை. முன்பெல்லாம் இறந்த மாட்டை மாலைக்குள் புதைத்துவிடுவோம். ஓநாய் திரும்பி வந்து பார்த்தால் மண்தான் இருக்கும். உழைத்தது வீண் என்று அது கற்றுக்கொண்டது. இப்போது நாங்கள் என்ன செய்கிறோம்? விரட்டிவிட்டு, அதன் சாப்பாட்டை மூடி வைத்து, நாலு மூலையிலும் கல் வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்விடுகிறோம். அது நிதானமாக வந்து நாலு நாளும் சாப்பிடுகிறது.

6. எங்களில் ஒரு பெண்மணி இருக்கிறார். எதற்கெடுத்தாலும் "சட்டப்படி என்னவோ அதைச் செய்யலாம்" என்பார். அதனால் எல்லோருக்கும் அவர் சட்டக்கா. சென்ற மழைக்காலத்தில் அவருடைய கிடாரி அடிபட்டபோது சுற்றறிக்கையை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றியவர் அவர். சங்கத்தில் வைக்கோல் போர் மூட எல்லோருக்கும் ஒரே மாதிரி நீலத் தார்ப்பாய் கொடுத்திருந்தார்கள். அதில் ஒன்றைப் போர்த்தி, ஓரங்களைக் கல்லால் அழுத்தி, பக்கத்தில் ஒரு குச்சி நட்டு, "அரசு ஆய்வுக்குரியது, தொடாதே" என்று எழுதி மாட்டினார். என் தங்கை சிரித்துவிட்டாள். "ஏன்க்கா, ஓநாய்க்குப் படிக்கத் தெரியுமா?" என்று கேட்டாள். சட்டக்கா முகம் சுளிக்கவில்லை. "தெரியலைன்னா அது அதோட தப்பு. நம்ம பக்கம் தப்பு இருக்கக் கூடாது" என்றார். அன்றிலிருந்து அடிபட்ட எல்லா மாட்டுக்கும் அதுவே முறையாகிவிட்டது. நீலத் தார்ப்பாய், நாலு மூலைக்குக் கல், பிறகு காத்திருத்தல். சுற்றறிக்கையை இவ்வளவு ஒழுங்காக மதித்த குடியிருப்பு தங்கள் வட்டத்தில் வேறு இருக்காது என்று உறுதியாகச் சொல்வேன்.

7. பால் எடுக்க வரும் வண்டியின் ஓட்டுநர் கொஞ்சம் வாய்த் துடுக்கு உள்ளவர். ஒரு நாள் கேனை ஏற்றிக்கொண்டே, "உங்க ஊர்ல ஓநாய்க்கு விருந்து வெச்சா நீல விரிப்பு விரிச்சுத்தான் வெப்பீங்களாமே, நமக்கெல்லாம் ஒரு டீ கிடையாது" என்றார். எல்லோரும் சிரித்தோம். அடுத்த வாரம் யாரும் சிரிக்கவில்லை. சட்டக்கா வீட்டுக் கொல்லைக்கு வெளியே விறகு அடுக்கி, மழைக்காக அதே நீலத் தார்ப்பாயைப் போட்டு மூடியிருந்தார். காலையில் பார்த்தால் ஒரு மூலைக் கல் புரட்டப்பட்டிருக்கிறது, தார்ப்பாய் கிழிக்கப்பட்டு விறகு கலைந்து கிடக்கிறது, ஈர மண்ணில் கால் தடம். விறகில் ஓநாய்க்கு என்ன வேலை ஐயா? அதில் இரத்தமும் இல்லை, மாமிசமும் இல்லை. நீலமாக இருந்தது, நாலு கல் இருந்தது. அவ்வளவுதான்.

8. நான் அறிவியல் பாடம் நடத்தியவன், ஒரு தடவை நடந்ததை வைத்து முடிவு கட்டக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொன்னவன். ஆகவே சோதித்துப் பார்த்தேன். சரிவில் சற்று இடைவெளி விட்டு இரண்டு மண்மேடு கூட்டினேன். ஒன்றின் மேல் பழைய சாக்கு, இன்னொன்றின் மேல் சங்கத்து நீலத் தார்ப்பாய். இரண்டுக்கும் ஒரே மாதிரி கல். காலையில் போய்ப் பார்த்தபோது சாக்கு வைத்தபடியே இருந்தது, தார்ப்பாய் கிழிந்திருந்தது. இடம் மாற்றி வைத்தும் பார்த்தேன். அப்போதும் கிழிந்தது தார்ப்பாய்தான். பள்ளியில் மணி அடித்தால் பிள்ளைகளுக்கு வாயில் எச்சில் ஊறும், மணிக்கு ஏதாவது ருசி உண்டா? அது சாப்பாட்டு நேரத்தோடு சேர்ந்து பழகியிருக்கிறது, அவ்வளவே. நாம் அந்த ஓநாய்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறோம். நல்ல மாணவர்கள், நன்றாகவே படித்துவிட்டன.

9. இதில் எனக்கு ஏற்பட்ட பதற்றத்தைத் தாங்கள் புரிந்துகொள்ள வேண்டும். எங்கள் குடியிருப்பில் நீலத் தார்ப்பாய் இல்லாத வீடு இல்லை. வைக்கோல் போரின் மேல் அது. சைக்கிள் கொட்டகையின் கூரை அது. என் தங்கை வீட்டுக் கன்றுக் கொட்டிலில் மழைச்சாரல் அடிக்கும் பக்கத்துக்குச் சுவரே அதுதான். நான் ஒவ்வொரு வீடாகப் போய்க் கழற்றச் சொல்லிக்கொண்டிருந்தபோதே, மறுநாள் விடியற்காலை, என் தங்கை பால் கறந்து முடித்துக் கன்றிடம் போன நேரத்தில் அந்தப் பக்கச் சுவர் உள்ளே அசைந்திருக்கிறது. காற்று என்று நினைத்திருக்கிறாள். பிறகு கீழ் ஓரத்தின் வழியே மூக்கு தெரிந்திருக்கிறது. கையில் இருந்த பால் வாளியால் அந்த மூக்கின் மேலேயே அடித்தாள். கன்றுக்குக் காதில் காயம், வேறொன்றும் இல்லை. சத்தம் கேட்டு நான் ஓடியபோது அவள் கொட்டில் வாசலில் உட்கார்ந்து, நெளிந்துபோன வாளியை மடியில் வைத்துக்கொண்டு, "அண்ணா, ஒரு வாளிப் பாலும் போச்சு" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். வாளியை அவள் மடியிலிருந்து நான்தான் எடுத்து வைத்தேன்.

10. எல்லா வீட்டிலும் தார்ப்பாய்களைக் கழற்றிவிட்டோம். வைக்கோல் நனைகிறது, அதைப் பொறுத்துக்கொள்கிறோம். ஆனால் மேலே சரிவில் மாடு இறந்தால் கிடத்தித்தான் வைக்க வேண்டியிருக்கிறது. மூடாவிட்டால் பருந்தும் நாயும், மூடினால் ஓநாய்க்கு அழைப்பு; தார்ப்பாய்க்குப் பதில் சாக்கால் மூடினால், நாளைக்கு அது சாக்கையும் படித்துவிடும். "இழப்பீடே வேணாம், புதைச்சுடலாம்" என்று ஒருவர் புதைத்தும் பார்த்தார். பிறகு மேய்ச்சல் வெளிக்குக் காவலர் ஒருவரை நியமிக்கக் கேட்டு மனுக் கொடுத்தோம். "உறுதி செய்யப்பட்ட தாக்குதல் ஏதும் பதிவில் இல்லை" என்று பதில் வந்தது. புதைத்தால் தாக்குதல் நடக்கவே இல்லை என்று ஆகிறது. கிடத்தினால் காரணம் தெரியவில்லை என்று ஆகிறது. எந்தக் கதவைத் தட்டினாலும் அது அடுத்த கதவைக் காட்டுகிறது. இதைக் குற்றச்சாட்டாக எழுதவில்லை. தங்கள் நாற்காலியில் இருந்து பார்த்தால் ஒவ்வொரு பதிலும் தனித்தனியே சரியாகத்தான் தெரியும். எங்கள் சரிவில் இருந்து பார்த்தால்தான் அவை சேர்ந்து ஒரு வளையமாகத் தெரிகின்றன.

11. இனி அவசரத்துக்கு வருகிறேன். நேற்று மாலை, மாடுகள் இறங்கத் தொடங்கிய நேரத்தில், என் தங்கையின் செவலைப் பசு அடிபட்டது. சினை மாடு. அவள் மந்தையிலேயே அதிகம் கறப்பது, அவள் குரலுக்கு மட்டும் திரும்பிப் பார்ப்பது. ஓநாய்கள் இந்த முறை கத்தலுக்கு ஓடவில்லை. புதர் ஓரம்வரை போய், உட்கார்ந்து, காத்திருந்தன. பெண்கள் எப்போது வீட்டுக்குப் போவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தன. சட்டக்காவே பயந்துபோய், "சார், இது நம்மள விரட்டுற மாதிரி இருக்கு சார்" என்றார். அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொன்னோம். வண்டி பழுது, ஆய்வாளர் சனிக்கிழமை வருவார் என்றார்கள். இன்று புதன்கிழமை.

12. செவலை இப்போதும் சரிவில் கிடக்கிறது. நேற்று இரவு முழுதும் தீ மூட்டிக் காவல் இருந்ததால் உடல் கலையவில்லை, ஆனால் சனிக்கிழமைவரை அப்படி இருக்க எங்களால் முடியாது. என் தங்கையின் மகன் டிராக்டர் ஓட்டுநர். இன்று காலை வெளிச்சம் வந்ததும் பக்கத்திலேயே ஆழமாகக் குழி வெட்டிவிட்டான். குழி தயார், சுண்ணாம்பு மூட்டை தயார், மாடு குழிக்கு வெளியே கிடக்கிறது. தொட்டால் விதி மீறல் என்று சட்டக்கா தடுத்துக்கொண்டிருக்கிறார். "அத்தை, உங்க சட்டம் என் அம்மாவுக்குப் பால் கறந்து குடுக்குமா?" என்று அவன் கேட்டான். அவர் அழுதுவிட்டார். அவர் மேலும் தவறில்லை. இப்போது புதைத்துவிட்டால் காவலர் வேண்டும் என்ற மனு மறுபடியும் செத்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். ஏனென்றால் அந்த மனுவில் முதல் கையெழுத்து அவருடையது.

13. ஐயா, இதற்கு அடுத்து எழுதுவதை மிகுந்த யோசனைக்குப் பிறகே எழுதுகிறேன். புதைக்க அனுமதி வராவிட்டால் அந்த உடலில் விஷ மருந்து வைப்பது என்று எங்கள் இளைஞர்கள் சிலர் முடிவு செய்துவிட்டார்கள். ஓநாய் தின்னும், சாகும், கதை முடியும் என்பது அவர்கள் கணக்கு. அவர்களில் முன்னால் நிற்பவன் என் தங்கை மகன்தான். நான் மறைக்கவில்லை, அவனும் மறைக்கச் சொல்லவில்லை. "எழுதுங்க மாமா. நான்தான்னே எழுதுங்க. அப்படியாவது யாராவது இந்தப் பக்கம் வருவாங்க" என்றான். இதுவரை அவன் எந்தக் குற்றமும் செய்யவில்லை. செய்துவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். அவன் மேல் நடவடிக்கை எடுக்க இதை ஆதாரமாக்கிக்கொள்ள வேண்டாம் என்று இரு கை கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

14. விஷம் ஓநாயோடு நிற்காது என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவர்களுக்குச் சொன்னேன். ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு மை விட்டுக் காட்டினேன். சரிவில் பெய்யும் மழை எல்லாம் ஓடைக்குத்தான் இறங்குகிறது. மாடுகள் குடிப்பது அந்த ஓடையில், நாய்களும் அங்கேதான் குடிக்கின்றன, கோடையில் நாமும்தான். ஓநாய்க்கு வைத்தது உன் அம்மாவின் மிச்ச மாடுகளுக்கும் போய்ச் சேரும் என்று தங்கை மகனிடம் சொன்னேன். அவன் தம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு மருந்துப் புட்டியை எடுத்து என் கையில் கொடுத்தான். "சாயங்காலம் பால் வண்டி திரும்பி வர வரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும் மாமா. அதுல ஒரு நல்ல பதில் வந்தா சரி. வரலைன்னா நான் கேப்பேன், நீங்க குடுத்துடணும்." அது இப்போது என் அலமாரியில் பூட்டியிருக்கிறது, சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. நான் கொடுக்காமல் இருந்துவிடலாம். கடைவீதியில் இன்னொன்று கிடைக்கும். ஆகவே என் பூட்டு ஒரு பூட்டே இல்லை. இந்த மனுவை எழுதும்போதே பல முறை எழுந்து போய்ச் சன்னல் வழியாகச் சரிவைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்கிறேன். கையெழுத்து அங்கங்கே கோணலாக இருந்தால் பொறுத்தருளவும். மாணவர்களின் கோணல் எழுத்துக்கு நான் குறைத்த மதிப்பெண்களை எல்லாம் இன்று திருப்பிக் கொடுக்கத் தோன்றுகிறது.

15. நாங்கள் கேட்பது பணம் இல்லை. ஓநாய்களைச் சுட வேண்டும் என்றும் கேட்கவில்லை. கூண்டு வைத்துப் பிடித்து வேறு எங்கோ கொண்டுபோய் விட வேண்டும் என்றும் கேட்கவில்லை. அங்கேயும் யாராவது மாடு வைத்திருப்பார்கள். இறந்த மாட்டை அன்றைக்கே புதைக்க அனுமதி வேண்டும். புதைத்தாலும் அது ஒரு தாக்குதலாகப் பதிவில் ஏற வேண்டும். இவ்வளவுதான். அடித்து ஒதுங்கிய ஓநாய்க்கு மறுபடியும் வெறும் மண் மட்டுமே கிடைத்தால், படித்த பாடத்தை அது மறக்கும். மாணவர்கள் விடுமுறையில் மறப்பதைவிடச் சீக்கிரமாகவே மறக்கும் என்று நம்புகிறேன். மறக்கும்வரை தங்கள் காவலர் ஒருவர் மாலை வேளையில் மட்டும் சரிவில் நின்றால் பெண்களுக்குத் தைரியமாக இருக்கும். ஆனால் அது அப்புறம். முதலில் மண்.

16. சாட்சி என்ன ஆகும் என்று தாங்கள் கேட்பது நியாயம். சங்கத்தில் தினமும் வந்து போகும் கால்நடை உதவியாளர் இருக்கிறார். அவர் அன்றைக்கே கழுத்துக் காயத்தைப் பார்த்து, புகைப்படம் எடுத்து, கையொப்பம் இடுவார். கழுத்துப் பகுதித் தோலை மட்டும் உரித்து, உப்புத் தடவி, மூடி போட்ட டிரம்மில் சங்க அறையில் வைத்திருப்போம். பல் பட்ட துளைகள் தோலில் அப்படியே இருக்கும். ஆய்வாளர் சனிக்கிழமை வந்தாலும் சரி, அதற்கடுத்த வாரம் வந்தாலும் சரி, அளந்து பார்த்து நாயா ஓநாயா என்று சொல்லிவிடலாம். நாலு நாள் கழித்து விலா எலும்பில் தேடுவதைவிட இதில் உண்மை தெளிவாகத் தெரியும். இந்த யோசனையைச் சொன்னவர் சட்டக்கா. "சட்டப்படி சாட்சி இருந்தா போதும்ல சார், மாடு முழுசா இருக்கணும்னு எங்கயும் எழுதலையே" என்றார். சுற்றறிக்கையை நானும் மறுபடி படித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் தங்கள் அனுமதி இல்லாமல் கத்தியை எடுக்க மாட்டேன் என்கிறார். குழிக்கு ஒரு பக்கம் அவரும், மறு பக்கம் என் தங்கை மகனுமாக நின்றுகொண்டிருக்கிறார்கள். நடுவில் என் தங்கை, ஒரு சாக்கை வைத்துக்கொண்டு செவலையின் மேல் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறாள்.

17. இந்த மனுவைப் பால் வண்டி ஓட்டுநர் தங்கள் கையில் நேரில் கொடுப்பார். குளிரூட்டும் நிலையத்தில் பாலை இறக்கிவிட்டு, மாலை நடைக்குத் திரும்பும்வரை தங்கள் அலுவலக வாசலிலேயே காத்திருப்பார். அவர் ஏதாவது வேடிக்கையாகப் பேசினால் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அது அவர் சுபாவம். தங்களுக்குக் கூட்டங்கள் இருக்கும், மேலிடத்துக்கு எழுதிக் கேட்க வேண்டிய விஷயங்கள் இருக்கும், விதியை மாற்றுவது ஒரு நாளில் ஆகிற காரியம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். விதியை நிதானமாக மாற்றுங்கள். இந்த ஒரு மாட்டுக்கு மட்டும் இன்றைக்கு முடிவு சொல்லுங்கள். அதை வைத்துக்கொண்டு அந்தப் புட்டியை நானே கொண்டுவந்து தங்கள் அலுவலகத்தில் பாதுகாப்பாக ஒப்படைத்துவிடுவேன்.

ஐயா, இந்தத் தாளின் அடியில் நாலு விரல் அகலம் வெற்றிடம் விட்டிருக்கிறேன். பேனாவை எடுத்து, அதில் "புதைக்கலாம்" என்று ஒரே ஒரு சொல்லை எழுதி, கீழே கையொப்பம் இட்டுப் பாருங்கள்.

நாள்: புதன்கிழமை, முற்பகல்
இடம்: கீழ்க்குடியிருப்பு

தங்கள் பதிலை எதிர்பார்த்து வாசலில் நிற்கும்,
(ஒப்பம்)
ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர்